சுத்தமான கரண்ட்

தோட்டத்துக் குழாய் கிள்ளுகிறது என்று கேய்னர் முதல் தடவை சொன்னபோது, அவள் புருஷன் டென்சில் ட்ரெகென்சா ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் தரையில் மல்லாந்து படுத்திருந்தான். ஸ்பீக்கரிலிருந்து மெலிசாக ஓர் உறுமல் வந்துகொண்டிருந்தது. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருந்தது. ஆகஸ்டில் அடித்த புயலுக்குப் பிறகு தொடங்கிய சனியன் அது.

"கடிக்குதா?" என்று படுத்தபடியே கேட்டான்.

"கடிக்கலை. கிள்ளுது. தண்ணியத் தொறக்கறப்ப விரல்ல சுருக்குங்குது."

"செருப்புப் போட்டுக்கோ," என்றான் டென்சில். சொல்லிவிட்டு அடுத்த கம்பியைப் பிடுங்கி மாட்டப் போய்விட்டான்.

செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னான், பாருங்கள். இத்தனைக்கும் அவன் ஒன்றும் படிக்காத ஆளில்லை. மிட்சமில் முப்பது வருஷம் கண்ணாடிக் கடை வைத்து, பாதி அடிலெய்டின் கண்களைச் சோதித்தவன். கடையை விற்றுவிட்டு ஓய்வுபெற்ற பிறகு காதைக் கட்டிக்கொண்டு அழுதான். வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டைப் பாட்டுக் கேட்கும் அறையாக மாற்றினான். இரட்டைச் சுவர், கனத்த கதவு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. சாத்திவிட்டால் வெளியே ரயில் போனாலும் உள்ளே தெரியாது. ஸ்பீக்கர்கள் ஆளுயரம். அந்த அறைக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக ஒரு லைன் வேறு. அதை இழுத்துக் கொடுத்தவன் கோஸ்டா மவ்ராகிஸ். ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன், டென்சிலின் நெருங்கிய கூட்டாளி, பாட்டுக் கேட்கும் சங்கத்தின் தலைவர்.

அந்த லைனில் கேய்னர் ஒருநாள் தெரியாமல் வாக்குவம் கிளீனரைச் சொருகிவிட்டாள். டென்சில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் கரண்ட் என்றால் அது டென்சில் சமாச்சாரம் என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். பல்பு மாற்றுவதற்குக்கூட அவனைத்தான் கூப்பிடுவாள்.

இரண்டாவது தடவை அவள் சொன்னது குளியலறைக் குழாயைப் பற்றி. அது கிள்ளுவதோடு நிற்கவில்லை, முழங்கை வரைக்கும் விறுவிறுவென்று ஏறியதாம். சமையலறை விளக்கு வேறு தானாகப் பளிச்சென்று எரிந்து தானாக மங்குகிறது என்றாள். விக்டர் ஹார்பரில் இருக்கும் அவள் அக்கா லினெட் போனில் இதைக் கேட்டுவிட்டுப் பதறியிருக்கிறாள். உடனே மின்சாரக் கம்பெனிக்குப் போன் பண்ணு என்றாளாம். எதற்கு அவர்களைத் தொந்தரவு பண்ண வேண்டும், சனிக்கிழமை கோஸ்டா வருகிறான், இந்த வீட்டு ஒயரிங் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம் என்று கேய்னர் சமாதானம் சொல்லியிருக்கிறாள்.

"கோஸ்டாகிட்ட மறக்காம சொல்லு, டென்," என்றாள்.

சொல்கிறேன் என்றான். மறக்கவில்லை, சொல்லவும் செய்தான். எப்படிச் சொன்னான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த வாரம் முழுக்க டென்சிலுக்கு வேறு நினைப்பே இல்லை. உறுமலுக்குக் காரணம் அழுக்குக் கரண்ட் என்று சங்கத்தில் எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். தெருவில் கூரைக்குக் கூரை சோலார், வீட்டுக்கு வீடு ஏசி, பத்தாததற்கு இப்போது கார்களும் கரண்ட் குடிக்கின்றன. அத்தனை குப்பையும் கலந்துதான் சுவர் பிளக்குக்கு வருகிறதாம். அதற்கு மருந்து பவர் கண்டிஷனர். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, சுத்தம் பண்ணி, ஆம்பிளிஃபயருக்குக் கொடுக்கிற பெட்டி. எதை வாங்குவது என்று ஊரிலிருக்கும் கடைக்காரனைக் கேட்டான் டென்சில். இரண்டை எடுத்துப் போங்கள், ஒரு வாரம் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள் என்று அவன் தாராளமாகக் கொடுத்துவிட்டான்.

முதல் பெட்டி சின்னது. வெறும் வடிகட்டி. அதைப் போட்டதும் உறுமல் பாதியானது உண்மைதான், ஆனால் மேளத்தின் உயிரும் பாதியாகிவிட்டது. போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். ராத்திரிச் சாப்பாட்டின்போது கேய்னர் எதையோ கேட்க, "பாஸ் சத்தம் இறுக்கிப் பிடிக்குது, மூச்சு விட மாட்டேங்குது," என்று பதில் சொன்னான். அவள் கேட்டது உருளைக்கிழங்கு இன்னும் வேணுமா என்று.

இரண்டாவது பெட்டியை அவனும் பக்கத்து வீட்டு ரெனாட்டோவும் சேர்ந்துதான் தூக்கி வந்தார்கள். அது வடிகட்டுகிற சாதி இல்லை. வருகிற கரண்ட்டை உள்ளே வாங்கிக்கொண்டு, தானே புதுசாகக் கரண்ட் தயாரித்து வெளியே விடுகிற ராட்சசன். முகப்பில் நீல எழுத்தில் இரண்டு எண்கள் எரியும். உள்ளே வருவது எத்தனை வோல்ட், வெளியே போவது எத்தனை வோல்ட்.

அதைப் போட்டான். உறுமல் போயே போய்விட்டது.

டென்சில் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டான். பெரிய வயலின் மாதிரியான செல்லோவை வாசிப்பவள் வில்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று பிறகு சங்கத்து ஆட்களிடம் வெட்கமில்லாமல் சொன்னான். அந்த நீல எண்களையும் பார்த்தான். வெளியே போவது இருநூற்று முப்பதில் ஆணி அடித்தாற்போல நின்றது. உள்ளே வருவது மத்தியானம் ஏறியது, சாயங்காலம் இறங்கியது, கேய்னர் கெட்டில் போட்டால் சடாரென்று விழுந்தது. ஐயோ, இந்தக் குப்பையையா இத்தனை நாள் என் ஆம்பிளிஃபயருக்கு ஊட்டினேன் என்று அவனுக்கு மனசு பதறியது. எண்ணைப் போட்டோ எடுத்துச் சங்கத்துக் குழுவுக்கு அனுப்பினான். பாவம் உன் சிஸ்டம் என்று ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். நம்ம மாநிலத்தில் சோலார் பண்ணுகிற அட்டகாசம் என்று கோஸ்டாவும் எழுதினான்.

மெஷின் எண் போட்டுக் காட்டுகிறது, ஐயா. இந்த வீட்டுக்கு வருகிற கரண்ட் சரியில்லை, எங்கேயோ எதுவோ விட்டுப்போயிருக்கிறது என்று நீல எழுத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. படித்தவன், பட்டம் வாங்கியவன், லைசென்ஸ் வைத்திருந்தவன் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு மெஷினைப் பாராட்டினார்கள்.

மூன்றாவது தடவை கேய்னர் சொன்னது சனிக்கிழமை காலையில். தோட்டத்துக் குழாய் இன்றைக்கு உதறிவிட்டது என்றாள். கையை நீட்டிக் காட்டினாள். டென்சில் அந்தக் கையைப் பார்த்தான். பார்த்தான் என்றால் நிஜமாகவே பார்த்தான், அதை மறுப்பதற்கில்லை. பிறகு, "சாயங்காலம் கோஸ்டா வரட்டும்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் நாற்காலி போடப் போனான்.

சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம் ஒரு பூஜை மாதிரி. ஆளுக்கொரு தட்டு தின்பண்டம் கொண்டு வருவார்கள். வாசலில் இருக்கிற கூடையில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கதவைச் சாத்திய பிறகு பாட்டு முடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. திரைக்குப் பின்னால் ஒருவர் பெட்டியை மாற்றி மாற்றிச் சொருகுவார். எது என்று சொல்ல மாட்டார். கேட்டவர்கள் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும்.

அன்றைக்கு ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வெயில் காலத்தின் முதல் சூடு. ஏசி முழுசாக ஓடியது. கேய்னர் அவர்களுக்காக சாசேஜ் ரோல்களை மின் அடுப்பில் வைத்துவிட்டு, வாடிக் கிடந்த தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் பின்பக்கம் போனாள். கதவைச் சாத்துவதற்கு முன் டென்சில்தான் பேச்சைத் தொடங்கினான். எந்தப் பெட்டி என்று தான் ஏற்கெனவே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டதை மறைக்க முடியாமல் துள்ளிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுக் கரண்ட்டு எவ்வளவு அழுக்குன்னு தெரியுமா உங்களுக்கு? தோட்டத்துக் குழாயே கேய்னரைக் கிள்ளுதாம்ப்பா."

குபீரென்று சிரித்தார்கள். அப்படியானால் குழாய்க்கும் ஒரு கண்டிஷனர் வாங்கு என்றான் ஒருத்தன். தண்ணீரின் மேல்ஸ்தாயி எப்படி இருக்கிறது என்று கேட்டான் இன்னொருத்தன். கோஸ்டாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாற்பது வருஷம் கம்பியோடு கம்பியாக வாழ்ந்தவன். குழாய் கிள்ளுகிறது என்று ஒரு வீட்டில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவன். சிரித்தான். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டான்.

சின்னப் பெட்டிக்கு இரண்டு கை. பெரிய பெட்டிக்கு மற்ற எல்லாக் கைகளும். திரையை விலக்கியதும் அந்த நீல எண்களை வேடிக்கை பார்க்க எல்லோரும் முன்னால் வந்து குனிந்தார்கள். உள்ளே வருவது இருநூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க இன்னும் இறங்கியது. நூற்றுத் தொண்ணூறு. நூற்று எழுபத்தெட்டு. வெளியே போவது இருநூற்று முப்பது. செல்லோ ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

"பாருடா, அசையவே இல்லையே," என்று கோஸ்டா விதியை மீறி முணுமுணுத்தான். யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். டென்சிலும் தட்டினான்.

அப்போது விளக்கு, பாட்டு, நீல எண் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன.

இருட்டில் டென்சில் முதலில் செய்தது என்ன தெரியுமா? கடைக்காரனின் பெட்டி எரிந்துவிட்டதோ என்று பதறிப்போய், மண்டியிட்டு அதைத் தடவிப் பார்த்தான். சூடு இருக்கிறதா, தீய்ந்த வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தான். அவன் முகம் அந்த மெஷினின் மேல் இருக்கும்போதுதான் யாரோ தாழை நீக்க, வாசலில் ரெனாட்டோ நின்றான். எவ்வளவு நேரமாக அந்தக் கதவை அடித்துக்கொண்டிருந்தானோ, அவன் கை முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஊரிலேயே கூர்மையான காதுகள் அத்தனையும் உள்ளே இருந்தன, ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கடைசியில் வாசல் பக்கம் ஓடி மெயினை அணைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"கேய்னர்," என்றான் ரெனாட்டோ. தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினான்.

தக்காளிப் பாத்தியில் அவள் குப்புறக் கிடந்தாள். வெறுங்கால். செருப்புகள் படிக்கட்டில் ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவளைச் சுற்றி மண் சேறாகிவிட்டது. வேலிக்கு மேலிருந்து பார்த்த ரெனாட்டோ மரக் கைப்பிடி போட்ட மண்வாரியால் அவள் கையைக் குழாயிலிருந்து தட்டிவிட்டிருக்கிறான். டென்சிலுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றான். கோஸ்டா அவனைத் தள்ளிவிட்டுக்கொண்டு போய்ச் சேற்றில் மண்டியிட்டு, அவளைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். ஒருவன் போன் போன் என்று அலறினான். எல்லாப் போன்களும் கூடையில் இருந்தன. அறுபது எழுபது வயது ஆண்கள் ஒரு பிரம்புக் கூடைக்குள் கையை விட்டு முட்டி மோதிக்கொண்டார்கள்.

ஆம்புலன்ஸ் வந்து, அவளுக்கு மூச்சுக் குழாய் போட்டு ஏற்றிக்கொண்டு போனது. இதயம் துடிக்கிறது, ஆனால் தாறுமாறாகத் துடிக்கிறது என்றார்கள்.

மின்சாரக் கம்பெனி ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். கூரை விளிம்பில் தெருக் கம்பி வீட்டோடு சேரும் இடத்தில் ஒரு பிடிப்பு புயலில் தளர்ந்து, பச்சை பூத்து, அன்றைய சுமையில் முற்றிலும் விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குள் வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் குழாய் வழியாக மண்ணுக்கு ஓடியிருக்கிறது. அதைச் சரிபண்ணக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விளக்கு ஏறி இறங்கியதா, குழாயில் ஷாக் தெரிந்ததா, முன்னாடியே எதுவும் கவனிக்கவில்லையா என்று வந்தவர்களில் ஒரு பெண் ஊழியர் சாதாரணமாகத்தான் கேட்டாள். வீட்டில் இருந்த சங்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இதை ஆஸ்பத்திரிக்கு வந்து டென்சிலிடம் சொன்னவன் கோஸ்டாதான். சட்டையில் இன்னும் சேறு காய்ந்திருந்தது. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"வேற எந்த வீட்டுல யாரு சொல்லியிருந்தாலும், சாப்பிட்டுட்டிருந்த தட்டைக் கீழ போட்டுட்டு ஓடிப்போய் மெயினைப் பிடுங்கியிருப்பேன், டென். உன் ரூமுக்குள்ள வந்தா நான் எலெக்ட்ரீஷியன் இல்ல. செல்லோ கேக்க வந்தவன்."

டென்சிலின் காதில் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. எண் இறங்க இறங்கத் தட்டினோமே, அந்த நேரம் அவள் குழாயைப் பிடித்திருந்தாளே. எழுந்து கழிவறைக்குப் போனான். முகம் கழுவக் குழாயைத் திறக்கப் போனவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

மூன்று நாள் கழித்துத்தான் கேய்னரால் தெளிவாகப் பேச முடிந்தது. வலது உள்ளங்கை முழுக்கக் கட்டு. விக்டர் ஹார்பரிலிருந்து லினெட் வந்து ராப்பகலாகக் கூடவே இருந்தாள். டென்சிலோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் உள்ளே வந்ததும் எழுந்து வெளியே போனாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேய்னரின் இடது கையைப் பிடித்துக்கொண்டான். எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன், அந்த அறையை இடித்துவிடுகிறேன் என்று என்னென்னவோ உளறினான். கேய்னர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அவனைத் தேற்றுகிற மாதிரி பேசினாள்.

"விடு, டென். எதையும் விக்க வேணாம். உன் காதுல எப்பவும் பாட்டு ஓடிட்டிருக்கும். நான் சொன்னது விழுந்திருக்காது. எனக்குத் தெரியும்."

எவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைத்தாள், பாருங்கள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், அதன் வழியாக அவன் தப்பித்து வந்துவிடலாம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனுடைய எத்தனையோ மறதிகளை அவள் இந்த வாசல் வழியாகத்தான் வெளியே விட்டிருக்கிறாள். டென்சில் தலையாட்டத்தான் நினைத்தான். முடியவில்லை.

"விழுந்துச்சு," என்றான்.

"எப்போ?"

"மூணு தடவையும்."

அவள் புரியாமல் பார்த்தாள். "அப்ப கோஸ்டாகிட்ட சொல்ல மறந்துட்டியா?"

"சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன். குழாயே கிள்ளுது, அவ்வளவு அழுக்குக் கரண்ட்டுன்னு. பெரிய பெட்டிதான் வேணும்னு சொல்றதுக்கு அது தோதா இருந்துச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சான். எல்லாரும் சிரிச்சோம்."

"நீயுமா?"

"ஆமா, கேய்னர்."

படுக்கைக்குப் பக்கத்தில் அவள் இதயத் துடிப்பைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. அவன் அதைப் பார்த்தான், பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டான். கேய்னர் தன் கையை அவன் கையிலிருந்து மெல்ல உருவி எடுத்தாள்.

"உனக்குக் கேக்கலைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இங்க கண்ணு முழிச்சதுலேருந்து அதையே சொல்லிச் சொல்லித்தான் உன் மேல கோபம் வராம பார்த்துக்கிட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"லினெட்டை உள்ள வரச் சொல்லு. இங்கேருந்து நேரா அவ வீட்டுக்குப் போறேன். என் துணிமணியை எடுக்க அவளே வருவா. அப்ப நீ வீட்டுல இருக்காதே."

டென்சில் எழுந்தான். கதவைத் திறந்ததும் எதிரே லினெட் நின்றுகொண்டிருந்தாள். உன்னைக் கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.